சுடும் ஃபிரிட்ஜில் நாற்பத்தெட்டு முட்டைகள்

டிசம்பர் 16

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஃபிரிட்ஜ் வந்திருக்கிறது. குளிர்விக்காது. சூடாக்கும்.

அத்தை வீட்டில் செத்துப்போன ஃபிரிட்ஜ் இது. கிளியம்மா அத்தை அப்பாவுக்கு அக்கா, எதிர்வீடு. எதையும் தூக்கிப்போட மாட்டாள். நான்கு வருடமாக இதற்குள் பட்டுப்புடவைகளை அடுக்கி வைத்திருந்தாள். டவுனிலிருந்து டிவி மெக்கானிக் ஜாபர் பாய் வந்து உள்ளே இரண்டு குண்டு பல்பு, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி, சூடு ஏறினால் பல்பை அணைக்கும் தெர்மோஸ்டாட், அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு, கதவில் சூடும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் எல்லாம் பொருத்திவிட்டு, "இனிமே இது இன்குபேட்டர்" என்றார். பெயர் வைத்தாயிற்று. காது குத்துவதுதான் பாக்கி.

இன்று மார்கழி ஒன்று. "மார்கழில எவனாச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பானா?" என்றாள் அத்தை. வாத்துகளிடம் பஞ்சாங்கம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். நினைத்ததோடு சரி. நினைப்பதையெல்லாம் பேசுகிறவளாக இருந்தால் உரக்கடையில் மீந்துபோன இந்த டைரி காலியாகவே கிடந்திருக்கும்.

முட்டை நாற்பத்தெட்டு. ஐப்பசிக்கு முன்னால் அப்பாவிடம் முந்நூற்றுப் பத்து வாத்துகள் இருந்தன. இப்போது முப்பத்து நான்கு. நடுவில் ஒரு நோய் வந்தது. அதை இன்னொரு நாள் எழுதலாம். குஞ்சு விற்கிற வண்டிக்காரர்கள் நோய் வந்த ஊர் என்று இந்தப் பக்கமே திரும்புவதில்லை. அடை வைக்கலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே கோழி. அதற்கும் மனசு இல்லை.

தயாளன் மாமா, அம்மாவின் தம்பி, சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருக்கிறார். பொங்கல் முடிந்ததும் போக வேண்டும். அப்பா போனில் அவரிடம் சொன்னது: "குஞ்சு பொரிச்சா இங்கியே கீறேன். இல்லன்னா நீலச்சட்ட போட்டுக்கினு உன் கேட்டாண்ட ஒக்காந்துக்கறேன்."

இருபத்தைந்து வருடம் வாத்துகளின் பின்னால் நடந்தவர். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு இதில் கவலை ஒன்றும் கிடையாது. இது வெறும் விலங்கியல் சோதனை.

டிசம்பர் 17

நான் பி.எஸ்சி. விலங்கியல். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதனால் வீட்டில் எது ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் கோழிக் கருவை இருபத்து நான்கு மணி, முப்பத்து மூன்று மணி, நாற்பத்தெட்டு மணி என்று பென்சிலால் புள்ளி வைத்து வரைந்திருக்கிறேன். தொண்ணூற்றாறு மணியோடு பாடத்திட்டம் முடிந்தது. அதற்கப்புறம் அந்தக் கோழி என்ன ஆயிற்று என்று பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது.

வாத்துக்கு இருபத்தெட்டு நாள். சூடு 37.5. ஈரப்பதம் ஐம்பத்தைந்து, கடைசி மூன்று நாள் எழுபது. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம். ஒரு நாளைக்கு ஐந்து முறை திருப்ப வேண்டும். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்குக்கூட நான் இவ்வளவு கவனமாகப் பென்சில் பிடித்ததில்லை.

டிசம்பர் 18

மீட்டர் 37.5 காட்டுகிறது, கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் மீட்டரின் முனையையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் ஒன்றாக முக்கிப் பார்த்தேன். மீட்டர் ஒன்றரை டிகிரி குறைத்துச் சொல்கிறது. ஜாபர் பாய்க்கு போன் செய்ய வேண்டியதுதான். அவர் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திருகை நானே திருப்பி, மீட்டர் 36 காட்டும்படி வைத்துவிட்டேன்.

போன் பேசாமலேயே ஒரு முழு வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 19

காலையில் இட்லி. மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லை. இட்லியை வைத்து மாங்காய் அடிக்கலாம்.

மத்தியானம் அத்தைக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வந்தார். நேராக ஃபிரிட்ஜைத் திறந்து, "ஐஸ் தண்ணி இல்லியாம்மா?" என்றார். சூடு இரண்டு டிகிரி இறங்கிவிட்டது. நான் பேசாமல் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். கதவில், 'திறக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். நம் தெருவில் எழுத்துக்கு இருக்கிற மரியாதைக்கு அதைக் கோலமாகப் போட்டிருக்கலாம்.

டிசம்பர் 21

ஒரு புதிர். நேற்று மாலை ஈரப்பதம் 54. இன்று காலை ஐந்து மணிக்கு 74. சூடும் ஒரு டிகிரி குறைவு. இடையில் யாரும் திறக்கவில்லை என்று வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். கதவு ரப்பரில் காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது. விசிறியைத் துடைத்தேன். பல்பை மாற்றினேன்.

காலையில் இட்லி. பூ மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"புது உளுந்து" என்றாள்.

டிசம்பர் 23

ஏழாம் நாள். அறையை இருட்டாக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உயிர் இருந்தால் உள்ளே சிலந்தி கால் நீட்டிக்கொண்டிருப்பது போல ரத்தக் குழாய்கள் தெரியும். முப்பத்தொன்பதில் தெரிந்தது. ஒன்பது கூமுட்டை. அப்பா முதல் சிலந்தியைப் பார்த்ததும் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மீதி அத்தனையும் அவரே பார்த்தார். திருப்பித் தரவே இல்லை.

அத்தையும் பார்த்தாள். "ஐப்பசில அந்த டாக்டரு மட்டும் லீவு போடாம இருந்திருந்தா, எந்தம்பி இப்பிடி டார்ச்ச வெச்சுக்கினு ஒக்காந்திருப்பானா?" என்றாள்.

நான் முட்டைகளைத் திருப்ப ஆரம்பித்தேன். திருப்பும் நேரம் இல்லைதான்.

டிசம்பர் 24

ஈரப்பதம் 73. இட்லி.

டிசம்பர் 27

பத்தரை மணிக்கு ஃபிரிட்ஜுக்குள் வெடி வெடித்தது. ஒரு முட்டை. வாடையைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டி வரும். அத்தை எதிர்வீட்டிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள், இன்னும் நன்றாக மோந்து பார்ப்பதற்கு.

மேல் தட்டில் இன்னும் இரண்டு முட்டைகளில் ஓடு வியர்த்து நீர் கசிந்தது. அவற்றையும் எடுத்துக் கொல்லையில் புதைத்தேன். மூன்று முட்டைகளும் மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருந்தன. அம்மாவைப் பார்த்தேன். அம்மா முருங்கைக்கீரையைப் பார்த்தாள்.

"கழுவுனியா?"

"மேல ஒரே சேறு. ஜாபர் பாய் பாத்தா இன்னா நெனப்பாரு? நாலஞ்சுதான் கழுவுனேன். பச்சத் தண்ணிலதான்."

முட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. கழுவினால் அது போய்விடும், பச்சைத் தண்ணீர் அழுக்கை ஓட்டின் துளைகள் வழியே உள்ளே இழுக்கும். இதை அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அப்ப உன்னிய பொறந்த அன்னிக்கே குளிப்பாட்டுனாங்களே?" என்றாள்.

மீதி முப்பத்தாறு.

டிசம்பர் 28

உள்ளே புளித்த வாடை. இன்னொன்று வெடிக்கப் போகிறது என்று பயந்து முப்பத்தாறு முட்டைகளையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. வாடை மட்டும் இருக்கிறது. பட்டம் வாங்கிய அன்று எங்கள் கல்லூரி முதல்வர், 'உலகம் உங்களை எதிர்பார்க்கிறது' என்றார். இதற்காக என்று சொல்லியிருக்கலாம்.

அம்மா இன்று அத்தை வீட்டுக்கும் பத்து இட்லி கொடுத்தனுப்பினாள். "இந்தத் தெருவுலயே உங்க வூட்டு இட்லிதான்டி இட்லி" என்றாள் அத்தை. அவள் வாயிலிருந்து பாராட்டு வந்தது டைரியில் எழுத வேண்டிய செய்தி. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 30

மின்தடை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, பராமரிப்புப் பணி. ஃபிரிட்ஜுக்கு இரண்டு போர்வை, ஒரு கோணிப்பை போர்த்தினோம். பெரிய அம்மை கண்டவர்களைக்கூட இப்படிக் கவனித்திருக்க மாட்டார்கள். அப்பா வாத்துகளைப் பாதி வழியில் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிளாஸ்டிக் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி உள்ளே வைப்பதும், ஆறியதும் மாற்றுவதுமாக எட்டு மணி நேரம் ஓடியது. 34-க்குக் கீழே இறங்கவில்லை.

கரண்டு வந்ததும் பல்பு எரிந்தது. அப்பா கதவுப் பக்கம் குனிந்து, "வந்துட்டான்" என்றார். பல்பிடம் சொன்னாரா, முட்டைகளிடமா, தெரியவில்லை.

"சென்னைல கரண்டே போவாதாம்" என்றாள் அம்மா.

"போனா ஜெனரேட்டர் போடுவாங்களாம். அதுவும் வாட்ச்மேன் வேலதான்" என்றார் அப்பா.

ஜனவரி 1

டைரியின் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குத் திரும்பியிருக்கிறேன். கிழமை பொருந்தாது. ஈரப்பதம் 75. இட்லி. புத்தாண்டு வாழ்த்துகள்.

ஜனவரி 3

புதிர் அவிழ்ந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது.

கோயில் ஒலிபெருக்கி இன்று நாலரைக்கே தொண்டையைத் திறந்துவிட்டது. தூக்கம் போய் எழுந்து வந்தேன். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. பல்பு வெளிச்சத்தில் அம்மா இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, காய்கறி வைக்கிற அடித்தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்குப் போசியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி நின்றது.

"இன்னாம்மா இது?"

"மாவு."

"அதுல எதுக்கும்மா வெச்ச?"

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஃபிரிட்ஜுல மாவு வெக்காம வேற இன்னா வெப்பாங்க?"

மூன்று வருடம் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை.

"நீதானடி சொன்ன, கதகதப்பா வெச்சா உயிரு வரும்னு. மாவுக்கு மட்டும் உயிரு வேணாமா?"

தினமும் நான் படுத்த பிறகு உள்ளே வைத்து, நான் எழுவதற்கு முன் எடுத்திருக்கிறாள். பதினான்கு நாள். போசிக்கு இடம் வேண்டும் என்று ஜாபர் பாய் வைத்த தண்ணீர்த் தட்டை எடுத்துக் கோழிக்கு வைத்துவிட்டாள். அதாவது இரண்டு வாரமாக என் இன்குபேட்டரின் ஈரப்பதத்தைப் பார்த்துக்கொண்டது இட்லி மாவு. நான் கதவு ரப்பரில் காகிதம் செருகிக்கொண்டிருந்தேன்.

உடனே டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் தட்டுகள் தப்பின. கீழ்த்தட்டில், போசிக்குப் பக்கத்தில் இருந்த ஆறு முட்டைகளில் குழாய்கள் இல்லை, கறுத்த வளையம் மட்டும். தினமும் ஜில்லென்ற போசி வந்து ஒட்டி உட்கார்ந்தால் என்ன ஆகும். அம்மாவுக்கு அந்த ஆறையும் காட்டினேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"உங்கப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. ஆனால் அப்பா வெளியே போகிற நேரத்தில் அவளே போய்ச் சொல்லிவிட்டாள், ஒன்று விடாமல், முட்டை கழுவியது முதல். அப்பா கத்தினார். அம்மா கேட்டுக்கொண்டாள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பிறகு அதே மாவில் சுட்ட இட்லியை அவரே ஏழு சாப்பிட்டார்.

இவ்வளவு சுலபமா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதி முப்பது.

ஜனவரி 4

இட்லி. கல்.

ஜனவரி 6

தண்ணீர்த் தட்டு பழைய இடத்தில். ஈரப்பதம் 56, 55, 57. புதிர்கள் இல்லை. நேரம் இருக்கிறது. அதனால் தேவையில்லாத ஒன்றை எழுதுகிறேன்.

டவுன் கால்நடை மருந்தகத்தின் வாசலுக்கு வெளியே ஒரு புங்க மரம் இருக்கிறது. ஆள் உயரத்தில் அதில் ஓர் ஆணி அடித்திருக்கிறது. ஆணியின் தலை கொஞ்சம் இடப்பக்கம் வளைந்திருக்கும். எவ்வளவு நேரம் அங்கே நின்றால் ஒருவருக்கு இதெல்லாம் கண்ணில் படும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஜனவரி 10

இருபத்தைந்தாம் நாள். டார்ச்சில் பார்த்தால் முட்டை முழுக்க இருட்டு, மேலே மட்டும் காற்றறை. அந்த விளிம்பில் ஏதோ அசைகிறது. இரண்டில் அசைவில்லை, எடுத்துவிட்டேன். மீதி இருபத்தெட்டு. இனித் திருப்பக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. ஈரப்பதம் எழுபது.

அப்பா காதை ஃபிரிட்ஜ் கதவில் வைத்துக் கேட்டார். "பேசறானுங்க" என்றார்.

தயாளன் மாமா போன் செய்து அப்பாவின் சட்டை அளவு கேட்டார். அம்மா நாற்பது என்றாள். நாற்பத்திரண்டு. நான் திருத்தவில்லை. அளவு சரியில்லாமல் போனால் ஒரு நாளாவது தாமதமாகும்.

ஜனவரி 12

காலை ஆறு மணிக்கு முதல் ஓட்டை. மாலைக்குள் பதினொரு முட்டைகளில். ஓட்டை என்றால் நெல்மணி அளவுக்கு ஓடு தூக்கிக்கொண்டு நிற்கிறது, உள்ளே ஓர் அலகு நுனி. தெரு முழுக்க வந்து பார்த்தது. எல்லாரும் கதவைத் திறந்துதான் பார்த்தார்கள். மூடிய கதவு வழியாகப் பார்த்தால் மரியாதைக் குறைவு போலிருக்கிறது. 'திறக்காதீர்கள்' என்ற என் காகிதத்தைப் பிடித்துத்தான் திறந்தார்கள்.

சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

ஜனவரி 13

நேற்றைய பதினொரு ஓட்டைகளும் அப்படியே நிற்கின்றன. ஒன்றும் பெரிதாகவில்லை. மீட்டரில் ஈரப்பதம் 51. ஓட்டைக்குள் வெள்ளையாக இருந்த சவ்வு பழுப்பேறி, வெங்காயச் சருகு மாதிரி காய்ந்திருக்கிறது.

அத்தை அப்பாவைப் பார்த்து, கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். "சொம்மா பாத்துக்கினு இருந்தா உள்ளயே செத்துப்பூடும் எத்திராஜி. உரிச்சு எடு."

அப்பா என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, உரிக்கலாமா?"

தொண்ணூற்றாறு மணிக்கு அப்புறம் அந்தக் கோழி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. "டாக்டரக் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் தொடாதீங்க" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

சைக்கிளில் நாற்பது நிமிடம். புங்க மரத்தைத் தாண்டும்போது அதைப் பார்க்கவில்லை. நின்றால் நானும் அங்கேயே வேர்விட்டுவிடுவேன். படி ஏறினேன். கதவில் பூட்டு. பக்கத்தில் ஒரு தாள்: 'மருத்துவர் இன்று விடுப்பு. அவசரத்துக்கு அழைக்கவும்.' கீழே எண்.

மூன்று மாதம் தாமதமாக டாக்டர் என் வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறார்.

இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வெட்டினேன். மூன்றாவது முறை வெட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"யாருங்க?"

"வாத்து" என்றேன்.

"என்னது?"

"வாத்து முட்டை, மேடம். ஓட்டை போட்டுட்டு அப்பிடியே நிக்குது."

"எத்தனை மணி நேரமா?"

"இருபத்தேழு."

"வாத்துக்கு நாப்பத்தெட்டு வரைக்கும் ஆகும். உள்ள ரத்தக் குழாய் வத்தணும், மஞ்சக்கரு வயித்துக்குள்ள போகணும். அதுக்கு முன்னாடி யாராவது உரிச்சா ரத்தம் போய் செத்துடும். வெந்நீர்ல துணிய நனைச்சுப் பிழிஞ்சு ஒரே ஒரு தடவை உள்ள வைங்க. அப்புறம் கதவைத் திறக்கவே கூடாது. யாரு திறக்கறாங்க?"

"தெரு" என்றேன்.

சிரித்தார். இத்தனை நாள் நான் பயந்த ஆள் இவர்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஃபிரிட்ஜ் திறந்திருந்தது. அப்பாவின் உள்ளங்கையில் ஒரு முட்டை. பக்கத்தில் ஊசியோடு அத்தை. எனக்கு மூச்சு வாங்கியது.

"டாக்டர் லீவுப்பா, ஆனா..."

"நம்ம வாத்துன்னா அந்த டாக்டருக்கு லீவுதான். தெரிஞ்ச கத" என்றாள் அத்தை.

"இல்ல அத்த. இன்னைக்கு நெசமாவே லீவு."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பா முட்டையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்ப அன்னைக்கி?"

ஃபிரிட்ஜுக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"அன்னைக்கு இருந்தாங்க. நான்தான் உள்ள போகல."

எழுதுவதைவிடச் சொல்வது சின்னதாக இருந்தது. ஐப்பசியில், பக்கத்து ஊரில் நோய் வந்த செய்தி கேட்டு, தடுப்பூசிக்கு எண்ணிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார் அப்பா. படித்த பெண் என்பதால். உள்ளே இருபது பேர் காத்திருந்தார்கள், எல்லாரும் ஆண்கள். மேசையில் இருந்த டாக்டர் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்துப் போகலாம் என்று மரத்தடியில் நின்றேன். பன்னிரண்டே கால் வரை நின்றேன். வீட்டுக்கு வந்து டாக்டர் லீவு என்றேன். மறுநாள் போகலாம் என்றுதான். மறுநாளும் அதேதான் சொன்னேன். பதினோராம் நாள் முதல் வாத்து தலை தொங்கியது. இருநூற்று எழுபத்தாறு.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையிலிருந்த முட்டைக்குள் குஞ்சு கத்தியது.

"அத உள்ள வெச்சுடுங்கப்பா. போன்ல கேட்டேன். உரிச்சா செத்துடுமாம்."

"உன் பேச்சக் கேட்டுத்தான்..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

பொய் சொன்ன அதே வாயால்தான் உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொரு வாய் கிடையாது.

முட்டையை உள்ளே வைத்தார். நான் ஈரத் துணியை வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். "எவனும் தொறக்கக் கூடாது" என்றார் அத்தையிடம். அத்தை ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

நம்பினாரா, அலுத்துவிட்டதா, தெரியவில்லை.

ஜனவரி 14

போகி. தெருவில் பாயும் முறமும் எரிகிற புகைக்கு நடுவே ஆறரை மணிக்கு முதல் குஞ்சு வந்தது. முட்டை ஓட்டைச் சுற்றிலும் டப்பா மூடி மாதிரி வெட்டித் தள்ளிவிட்டு, நனைந்த பஞ்சு போல விழுந்தது. அதன் பிறகு வரிசை. மாலைக்குள் இருபத்திரண்டு. ஆறு முட்டைகளில் ஓட்டையே விழவில்லை.

அப்பா நேற்று உட்கார்ந்த இடத்தில்தான் சாப்பிட்டார். வாட்ச்மேன் வேலைக்கு நல்ல பயிற்சி. உலர்ந்த குஞ்சுகளை மட்டும் அவரே எடுத்து, பல்பு போட்ட அட்டைப்பெட்டிக்கு மாற்றினார். என்னிடம் பேசவில்லை.

"நான் அப்பவே சொல்லல, உரிக்காதன்னு?" என்றாள் அத்தை.

ஜனவரி 15

பால் பொங்கியது. அப்பா என்னிடம் பேசுவதில்லை, அம்மா வழியாகச் சொல்கிறார்.

"உன் பொண்ணுகிட்ட சொல்லு, தண்ணிக் கிண்ணத்துல கூழாங்கல்லு போடணும். குஞ்சு முழுகிடும்."

நான் ஒரு முழ தூரத்தில் இருந்தேன். போட்டேன்.

அம்மா மாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஃபிரிட்ஜ் காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். வைத்துக்கொள் என்றேன்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். வாத்துகளுக்குக் கொம்பு இல்லாததால் பெயின்ட் மிச்சம். இட்லி பூ.

பத்து மணிக்குத் தயாளன் மாமாவின் போன். அப்பா எடுக்கவில்லை. கையில் ஒரு குஞ்சு இருந்தது.

"உன் பொண்ணப் பேசச் சொல்லு" என்றார் அம்மாவிடம்.

அம்மா போனை என் கையில் திணித்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. "இன்னா சொல்லணுமாம்?" என்று நானும் அம்மாவிடமே கேட்டேன்.

அப்பா திரும்பி நேராக என்னைப் பார்த்தார், மூன்று நாளில் முதல் முறையாக. "எங்கப்பா லீவுன்னு சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இது சிரிக்க வேண்டிய இடமா என்று அப்பாவின் முகத்தில் தேடினேன். அவர் குஞ்சின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை வட்டத்தை அழுத்தினேன்.

"அப்பா வரல, மாமா."

"ஏன், இன்னா ஆச்சு?"

"இருபத்திரண்டு பொரிச்சிருக்கு."

"இருபத்திரண்டா? அத வெச்சுக்கினு இன்னா பண்ணுவாரு? முந்நூறு மேய்ச்சவரு."

"முந்நூறும் என்னாலதான் மாமா போச்சு. நான்தான் ஊசிக்குச் சொல்லாம வந்துட்டேன். இருக்கறத முந்நூறாக்கற வரைக்கும் அப்பா இங்கதான் இருப்பாரு. நீங்க அந்தச் சட்டைய வேற யாருக்காவது குடுத்துடுங்க. அது அவருக்குப் பத்தவும் பத்தாது."

அந்தப் பக்கம் மாமா என்னமோ சொன்னார். சரி என்று சொன்னேன். வைத்துவிட்டேன்.

அப்பா குஞ்சைப் பெட்டியில் விட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாத்துகளைத் திறந்துவிடப் போனார். வாசலில் நின்றார்.

"எட்டாவது வாரம் ஊசியாமே. தேதி எழுதி வெச்சுக்க. நீதான் போவணும்."

மார்ச் 11

(ஜனவரி 16 அன்றே எழுதுவது.)

தடுப்பூசி. ஐம்பத்தாறு வாத்துகள். மருந்தகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். உள்ளே போகவும்.